நான் செய்த கத்தியும் கறுத்த வாழைக்காயும்

போன வருடம் எங்கள் அப்பாவின் திதியன்று இலையில் விழுந்த வாழைக்காய்ப் பொரியல் கறுத்துப்போயிருந்ததற்குக் காரணம் நான். சமைத்த அம்மாள் இல்லை. இதை அன்றைக்கே, அந்த இலைக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் மிச்சத்தை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

என் மனைவி அப்போது சிங்கப்பூரில் இருந்தாள். மகளுக்குப் பிரசவம். எழுபத்திரண்டு வயதில், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரை வீட்டில் ஆறு மாதம் தனியாக விட்டுப் போவது எவ்வளவு பெரிய விஷப்பரீட்சை என்று அவளுக்குத் தெரியாது. என் வயதுக்காரர்கள் சிலர் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். சிலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் நாட்டைத் திருத்துவார்கள். நான் கத்தி செய்தேன்.

திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மரவாடி இருக்கிறது. அங்கே மரம் அறுக்கும் இயந்திரத்தில் நாடா மாதிரி சுற்றி ஓடும் ரம்பத் தகடு, பல் தேய்ந்ததும் கழற்றி மூலையில் எறியப்படும். மரவாடிக்காரர் என்னிடம் படித்தவர்.

“அது எடைக்குப் போடுற பழைய இரும்பு சார். உங்களுக்கு எதுக்கு?”

“கத்தி செய்யப் போறேன்.”

“கடையில கிடைக்குமே சார்!”

“கடையில கிடைக்கிறது எவர்சில்வர். இது கரிமம் கூடுதலா இருக்கிற எஃகு. கூர் நிக்கும்” என்று அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தேன். அந்தக் காலத்தில் வகுப்பில் காட்டாத கவனத்தோடு கேட்டுவிட்டு, இரண்டு முழம் தகட்டைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கத்தான் அந்தக் கவனம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வேலையில் உலை, சம்மட்டி எதுவும் கிடையாது. தகட்டுக்குத் தொழிற்சாலையிலேயே பதம் ஏற்றியிருப்பார்கள். அதைக் கெடுக்காமல் வெட்டி, தேய்த்து, பிடி போட்டால் போதும். கெடுக்காமல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரைண்டரில் பிடிக்கும்போது சூடேறி ஓரத்தில் நீலம் ஓடிவிட்டால் பதம் போயிற்று. அது பிறகு வெறும் தகடு. இரண்டு விநாடிக்கு ஒருமுறை வாளித் தண்ணீரில் முக்கவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் முதல் கத்தியை நீலமாக்கினேன். இரண்டாவதில் பிடிக்கு ஆணி அடிக்கும்போது பூவரசங்கட்டை நடுவில் பிளந்தது. மூன்றாவது நன்றாக வந்துவிட்டது. முதல் இரண்டைப் போலவே அதுவும் கெட்டிருந்தால் நான் இன்றைக்கு நல்லவன்.

வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துத் தக்காளியை வெட்டிக் காட்டினேன். செய்தித்தாளைத் தொங்கவிட்டுக் கிழித்தேன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் என் அக்கா வந்தபோது அவள் கண்முன்னால் என் கை முடியை மழித்தேன்.

“காப்பி குடுப்பேன்னு வந்தா கத்தியக் காட்டுறியே தம்பி” என்றாள்.

திதி வந்தது. எங்கள் நாலு தெருவிலும் திதிச் சமையல் என்றால் ஒரே ஒரு அம்மாள்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் வீட்டிலேயே இருபது திதிக்கு மேல் சமைத்திருப்பார். சுத்தம், மடி, எந்த வீட்டில் எந்தக் காய் சேர்க்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வரும்போது கையில் உரச்சாக்கில் தைத்த ஒரு பை இருக்கும். பைக்குள் அவருடைய சொந்த அரிவாள்மணை. வேறு எதிலும் காய் நறுக்கமாட்டார். அதன் இரும்பு பல வருடப் புழக்கத்தில் கன்னங்கரேலென்று இருக்கும்.

அன்று காலை அவர் அரிவாள்மணையை எடுத்துத் தரையில் போடும்போது நான் என் கத்தியோடு அடுப்படிக்குப் போனேன்.

“எதுக்கும்மா கீழ உக்காந்து முட்டிய வருத்திக்கிறீங்க? மேடையில நின்னுக்கிட்டே நறுக்கலாம். நானே செஞ்சது.”

வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலை ஓரத்தில் குறுக்கே வைத்து உணர்ந்தார். “நல்ல கூர் சார். ஆனா வாழைக்காய்க்கு வேணாம். புது இரும்பு கறை விடும்.”

“அதெல்லாம் அந்தக் காலத்து இரும்பும்மா. இது எஃகு. நேத்து சாயங்காலம்தான் நைஸ் உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி தேச்சேன், பாருங்க.”

“அதான் சார் நானும் சொல்றேன்” என்றார்.

அந்தப் பதிலை நான் கேட்டேன், ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம் அதைவிடப் பெரிய வாதம் ஒன்று தயாராக இருந்தது. “நான் கெமிஸ்ட்ரி வாத்தியாரும்மா” என்றேன்.

அதற்குமேல் அவர் என்ன செய்வார்? வீட்டுக்காரர், அதுவும் வாத்தியார். மேடையருகில் நின்று என் கத்தியால் வாழைக்காயைச் சீவினார். நான் பக்கத்திலேயே நின்று துண்டுகள் மோர்த்தண்ணீரில் விழுவதைப் பார்த்துப் பூரித்தேன். பிறகு ஐயர் வந்துவிட்டார். விரலில் தர்ப்பையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

இலை போட்டபோது பதினொன்றரை இருக்கும். சாதம் வெள்ளையாக இருந்தது. பருப்பு மஞ்சளாக இருந்தது. வாழைக்காய்ப் பொரியல் சிலேட்டுப் பலகையின் நிறத்தில் இருந்தது.

முதலில் பார்த்தவள் அக்கா. “என்ன இது? அப்பா இலையில கரியள்ளிப் போட்ட மாதிரி! மோர்த்தண்ணியில போடலையா நீங்க?”

“போட்டேம்மா” என்றார் அந்த அம்மாள். என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் ஒரு நாள், இடித்த கடுக்காயை ஊறவைத்த துவர்ப்புத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைப்பேன். மறுநாள் அது மையாகியிருக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்த மையைத் தொட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத்தாளில் என் பெயரை எழுதுவேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். துவர்ப்புக்குக் கடுக்காய்க்கு அடுத்தபடி உதாரணம் சொல்ல நான் பாடத்தில் வைத்திருந்தது வாழைக்காய். அந்த இலையைப் பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவின் இலையில் நான் மை செய்து வைத்திருந்தேன்.

அந்த அம்மாள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

“விடுக்கா. அவங்களுக்கும் வயசாகுதுல்ல. கண்ணு சரியாத் தெரியல போலருக்கு” என்றேன்.

இரக்கமாகத்தான் சொன்னேன். குரலில் கனிவுகூட இருந்தது. கூடியிருந்தவர்கள் என் பெரிய மனதை மெச்சிய மாதிரி தலையசைத்தார்கள். மௌனமாக இருந்திருந்தால்கூட அந்த அம்மாளுக்கு அவ்வளவு கெடுதல் வந்திருக்காது.

மாடியில் வைத்த பிடிச்சாதத்தைக் காக்கை நிறம் பார்க்காமல் சாப்பிட்டது. “காக்கா எடுத்துடுச்சுக்கா, அப்பாவுக்குக் குறையில்ல” என்றேன்.

“காக்காவுக்குக் கறுப்பு வெள்ளை என்ன தெரியும்” என்றாள் அக்கா.

அக்காவிடம் ஒரு செய்தி சேர்ந்தால் அது சும்மா கிடக்காது. வாழைக்காய் கறுத்ததைவிட வேகமாக ஓடியது நான் சொன்ன வாக்கியம். “அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலையாம். வாத்தியாரே சொன்னாராம்.” திதிச் சமையலில் ஒரு முடி, ஒரு புழு விழுந்தாலும் பித்ருக்களிடம் கெட்ட பெயர். கண் தெரியாதவரை யார் கூப்பிடுவார்கள்? சித்திரையில் எதிர்வீட்டுத் திதிக்குத் திருவாரூரிலிருந்து யாரோ வந்து சமைத்தார்கள். வைகாசியில் கோடிவீட்டுக்கும் அப்படியே. நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன். சாம்பாரில் புளி அதிகம் என்று எதிர்வீட்டில் குறைகூடச் சொன்னேன்.

இதற்கிடையில் என் கத்தி வளர்ந்துகொண்டிருந்தது. தினமும் வெங்காயம், தக்காளி, மாங்காய் என்று நறுக்கி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வைப்பேன். பளபளப்பு போய் மேலே சாம்பலும் நீலமுமாக ஒரு தோல் படிந்தது. இந்த எஃகு அப்படித்தான். புளிப்பும் துவர்ப்பும் பட்டுப்பட்டுத் தனக்குத்தானே ஒரு போர்வை போட்டுக்கொள்ளும். போர்வை வந்தபிறகு கறை விடாது. அந்த அம்மாளின் அரிவாள்மணை ஏன் அவ்வளவு கறுப்பு என்பதற்கும், ‘அதான் சார் நானும் சொல்றேன்’ என்றதற்கும் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. நான் தேய்த்துத் தேய்த்து அம்மணமாக்கிய இரும்பைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருந்தேன்.

ஆனி மாதம் மனைவி திரும்பினாள். வந்த வாரமே, பேரன் பிறந்ததற்கு நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடவேண்டும், அந்த அம்மாளை வரச்சொல்லுங்கள் என்றாள். அவர் மயிலாடுதுறையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், கண் தெரியவில்லையாம் என்றேன். என் வாக்கியத்தை நானே ஊராரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி சொன்னேன்.

“அவங்களுக்கா? போன தடவை என் மூக்குத்தித் திருகு விழுந்தப்ப அரிசிக்குள்ளேருந்து தேடி எடுத்துக் குடுத்ததே அவங்கதான்!” என்றாள். பிறகு மேடையில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். “திதிக்கு இதாலயா நறுக்குனாங்க?”

“ஆமா.”

“அவங்களாக் கேட்டாங்களா, நீங்களாக் குடுத்தீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே, “கேக்கவே வேணாம்” என்றாள். “போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தக் கத்தி என் கண்ணுல படக்கூடாது.”

மயிலாடுதுறையில் அந்த அம்மாள் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் இருந்தார். பெரிய சமையல்காரருக்குக் கீழே காய் நறுக்கும் ஐந்தாறு பெண்களில் ஒருவர். முன்னால் வெங்காய மலை. அரிவாள்மணை மட்டும் அதே அரிவாள்மணை.

“வாங்க சார். நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“கல்யாணத்துக்கு வரலம்மா. உங்களப் பாக்கத்தான்.”

“என்னையா? திதிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே.”

பஸ்ஸில் வழிநெடுக அடுக்கிக்கொண்டு வந்த வாக்கியங்கள் நிறைய இருந்தன. எல்லாம் போய், கத்தி, கறை, நான் சொன்ன பொய் என்று மூன்று சொல்லாக வந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கை நிற்கவே இல்லை. வெங்காயம் சரிந்து விழுந்துகொண்டிருந்தது.

“இதைச் சொல்லவா சார் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க? நான்தான் அன்னைக்குப் பக்கத்துலயே நின்னேனே. எனக்குத் தெரியாததா? தெரியாதவங்கள்லாம் உங்க தெருவுல இருக்காங்க.”

“அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமேம்மா.”

“நான் சொன்னா, கறுக்கவும் விட்டுட்டு வாத்தியார் மேல பழியும் போடுறா பாருன்னுவாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்களும் சொன்னீங்க.”

பக்கத்திலிருந்த பெண், “யாருக்கா இவரு?” என்று கேட்டாள்.

“எங்க ஊரு வாத்தியாரு. கத்தி செய்வாரு” என்றார். அவ்வளவுதான் அறிமுகம். எனக்குக் கண்ணில் நீர் வந்தது; அந்த இடத்தில் அது வெங்காயம் என்று எல்லோரும் நினைக்க வசதியாக இருந்தது. அந்தச் சலுகையையும் எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினாள்.

“நீ எப்பவும் இப்படித்தான் தம்பி. அடுத்தவங்க தப்பைத் தூக்கித் தலையில வச்சுக்குவ. சின்ன வயசுல வேலைக்காரப் பொண்ணு உடைச்ச ஊறுகா ஜாடிக்கு, நான்தான்னு சொல்லி அடி வாங்கினவன்தான நீ!”

ஜாடியை உடைத்ததும் நான்தான். முதலில் அந்தப் பெண்ணைக் கைகாட்டினேன். பிறகு பயந்துபோய் உண்மையைச் சொன்னேன். உண்மையை யாரும் நம்பவில்லை. அறுபது வருடமாக அந்த ஜாடியின் பெயரால் குடும்பத்தில் எனக்கு ஒரு மரியாதை நடந்துவருகிறது.

“நிரூபிச்சுக் காட்டுறேன்” என்று கத்தியை எடுத்துவந்து, அவள் வீட்டு வாழைக்காயை அவள் கண்முன்னால் நறுக்கி மோர்த்தண்ணீரில் போட்டேன். கால்மணி நேரம் இருவரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துண்டுகள் மல்லிகைப்பூப்போல வெள்ளையாகக் கிடந்தன.

கத்திக்குத்தான் தோல் வந்துவிட்டதே. வேதியியல் வாத்தியாருக்கு அது மறுபடியும் மறந்துபோயிற்று.

“பாத்தியா? நான் சொல்லல, கண்ணுதான்னு!” என்றாள் அக்கா. அந்த அம்மாளின் பெயரைக் காப்பாற்றப் போனவன், சாட்சியோடு அதைப் புதைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மிச்சமிருந்த ரம்பத் தகட்டை எடுத்தேன். ஒரு கத்தியைச் செய்து பிடி போட நாலு நாள் ஆனது. யாருக்கும் காட்டவில்லை, தக்காளியை வெட்டவில்லை. கடைசியில் உப்புத்தாள் போட்டு முகம் தெரிகிற மாதிரி தேய்த்து, எண்ணெய்கூடத் தடவாமல் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். இந்த முறை துண்டுகளின் ஓரத்தில் முதலில் ஊதா ஓடியது. பிறகு சாம்பல். பொரித்து எடுத்தபோது போன மாசியில் பார்த்த அதே சிலேட்டு.

அக்கா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அப்ப அன்னைக்கு ஏன்டா வாய மூடிக்கிட்டு இருந்த?” என்றாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் என்னை ‘டா’ போட்டதில்லை.

“மூடிக்கிட்டு இருக்கலக்கா. திறந்து பேசினேன்.”

“இப்ப நான் வீடு வீடாப் போயி என்னன்னு சொல்லுவேன்? உன்னை நம்பி ஒருத்தியோட பொழப்பைக் கெடுத்துட்டேன்னா?”

“நீ போகவேணாம். நான் போறேன்.”

போனேன். கையில் ஒரு பை; பைக்குள் கத்தி, உப்புத்தாள், ஒரு சீப்பு வாழைக்காய். பாத்திரம் விற்பவர் மாதிரி ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கத்தியைப் புதிதாகத் தேய்த்து, நறுக்கி, கறுக்கவைத்துக் காட்டினேன். தப்பு என்னுடையது, அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றேன். எதிர்வீட்டில் நம்பினார்கள். கோடிவீட்டு அம்மாள், “ஒரு சமையல்காரிக்காக இவ்வளவு பாடுபடுறீங்களே, உங்க மனசு யாருக்கு சார் வரும்” என்று கைகூப்பினாள். அங்கே தொண்டை வறளும்வரை வாதாடியும் என்னால் கெட்டவனாக முடியவில்லை. இன்னொரு வீட்டில் கத்தி அழகாக இருக்கிறது, ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன்.

ஐப்பசியில் எதிர்வீட்டில் ஒரு திதிக்கு அந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள். பிறகு இன்னொரு வீட்டில். முன்பு கூப்பிட்ட எல்லோரும் கூப்பிடவில்லை. கோடிவீட்டில் இன்னும் திருவாரூர் ஆள்தான்.

இந்த மாசியில் மறுபடியும் அப்பாவின் திதி. அவரைக் கூப்பிட என் மனைவிதான் போன் செய்தாள். “வர்றேன்மா. காய் நறுக்குற இடத்துல மட்டும் சார் நிக்கவேணாம்” என்றாராம். நான் வாசலிலேயே இருந்தேன். உரச்சாக்குப் பையோடு வந்தார். என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா சார்” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இலை போட்டார்கள். அக்கா குனிந்து பார்த்தாள். வாழைக்காய் மஞ்சளும் வெள்ளையுமாக, தேங்காய்ப்பூவோடு இருந்தது. கூடத்தில் கோடிவீட்டு அம்மாள் உட்பட பதினைந்து பேர் இருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு இவங்களுக்கு. நாமதான் கேள்வி கேக்காம நம்பிட்டோம்.”

அந்த அம்மாள் கையில் நெய்க்கிண்ணத்தோடு நின்றார். “என் கண்ணுக்கு என்னம்மா” என்றார். “அன்னைக்குக்கூட சாரை நல்லாத்தான் பார்த்தேன்.”

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயர்தான் முதலில் சிரித்தார். கோடிவீட்டு அம்மாள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் முறையாக என்னைப் பற்றிச் சரியாக எதையோ நினைக்கத் தொடங்கியவள் மாதிரி இருந்தது அவள் பார்வை. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. ஆமாம் என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். பிறகு தர்ப்பையைக் கழற்றிவிட்டுக் காக்கைக்குப் பிடிச்சாதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.